ஈரத்தோடு வந்த எடை

இன்று காலை சாயப்பட்டறை வண்டி ஒரு ரோலை வாசலிலேயே இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டது, நங்கையா. இலைப்பச்சைத் துணி, குழந்தைகள் பனியனுக்கு. வண்டிக்காரருக்கு அடுத்த கம்பெனிக்குப் போகிற அவசரம். என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, நூல்கண்டு வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். தைக்க வருகிற பொன்னாத்தா இன்னும் வந்திருக்கவில்லை. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

ஒரு ரோல்தானே என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு குனிந்தேன். நீங்களும் நானும் எத்தனை இழுத்திருப்போம். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தேன். நிமிரவில்லை. உருட்டியாவது விடலாமென்று தள்ளினேன்; வாசற்படிக்கு வந்ததும் நின்றுகொண்டது. மறுபடி பிடித்தேன். கைகள் பிடித்தன. தூக்குவதற்கு உள்ளேயிருந்து எழுந்து வர வேண்டியது எதுவோ, அது வரவில்லை. தொடைகள் தாமாக நடுங்கின. விழுந்துவிடுவேன் என்று தோன்றியதும் அந்த ரோலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் அந்த வாசனை வந்தது. சாயமும் சோடாவும் கலந்து, சரியாகக் காயாத துணியிலிருந்து வருகிற புளித்த வாசனை. குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தேன், நீங்கள் வைத்துப் பார்ப்பது போல. சில்லென்று இருந்தது. ஈரத்தோடுதான் அனுப்பியிருக்கிறார்கள். கன்னத்தை எடுக்காமல் அப்படியே இருந்தேன். பயமாக இருந்தது, நங்கையா. துணியைப் பற்றிய பயம் இல்லை.

அந்தக் கன்னம் வைக்கிற பழக்கம் உங்களுடையது. குண்டடத்தில் உங்கள் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, பிள்ளையும் இல்லாத வீட்டில் அக்கா ஏன் தனியாக இருக்க வேண்டுமென்று உங்கள் தம்பி போய் அழைத்து வந்தார். நாத்தனார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நீங்கள் நங்கையாதான். வந்த மறுநாளே, "சும்மா உக்காந்து சோறு திங்க நான் வரல அம்மிணி, என்ன வேலை இருக்குதோ சொல்லு" என்றீர்கள். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகையில் அப்போதுதான் நாங்கள் மெஷின் போட்டிருந்த நேரம். வரவு செலவு எழுதுவது என்னிடம் இருந்தது. பள்ளிக்கூடம் அதிகம் போகாவிட்டாலும், கடையில் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் படித்துப் படித்து நானாக வளர்த்துக்கொண்ட எழுத்து இது. துணியை எடை போட்டு வாங்குவதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

வெளியாருக்கு அது பெரிய வேலையாகத் தெரியாது. எங்களுக்கு அதுதான் பிழைப்பு. சாயத்துக்குப் போகிற துணி திரும்பி வரும்போது கொஞ்சம் எடை குறைந்துதான் வரும். நூலில் இருக்கிற மெழுகும் தூசும் போகும். அது நியாயமான குறைவு. அதற்கு மேல் குறைந்தால், எங்கே போயிற்று என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் வெட்டும்போது பத்தாது. நாங்கள் கேட்போம் என்று தெரிந்துகொண்டுதான் சில பட்டறைக்காரர்கள் துணியை ஈரத்தோடு அனுப்புவார்கள். எடை மெஷினில் வைத்தால் சரியாகக் காட்டும். வாங்கிவைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தண்ணீர் போயிருக்கும், எடையும் போயிருக்கும்.

அந்தப் பட்டறை மேனேஜரை நினைவிருக்கிறதா உங்களுக்கு? மீசையை நன்றாகக் கத்தரித்துக்கொண்டு, சட்டைப் பையில் செல்போன் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருப்பாரே. எடை மெஷின் முள் சரியாக நின்றதும் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார். நீங்கள் நோட்டைப் பார்க்கவில்லை. ரோலின் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினீர்கள்.

"ஏனுங்க தம்பி, இதுக்குச் சாயம் போட்டீங்களா, நொய்யல் ஆத்துல முக்கி எடுத்தாந்தீங்களா?"

"அக்கா, மழை நாளுங்க. கொஞ்சம் ஈரம் இருக்கத்தானுங்க செய்யும். எடை சரியா இருக்குதுங்களே."

"எடை சரியாத்தான் சாமி இருக்குது. எடைக்குள்ள என்ன இருக்குது, அதச் சொல்லுங்க. தண்ணியத் தெச்சா பனியன் விப்போம்?"

பொன்னாத்தா வாயில் நூலைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். மேனேஜரும் சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. ரோலைப் பிரித்து மொட்டை மாடியில் விரித்துப் போட்டு, அவருக்கு ஒரு சொம்பு மோரும் கொடுத்து உட்கார வைத்தீர்கள். "காய வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சுபோகுது. எதுக்குச் சண்டை?" என்றீர்கள். காய்ந்த பிறகு வைத்தபோது முள் கீழே நின்றது. அவர் நோட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ரோலை மாடிக்கு ஏற்றியதும் இறக்கியதும் நீங்கள் ஒருத்திதான். தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைக்கூடத் தொடாமல். உங்கள் தம்பி பாதி தூக்கினால் மூச்சு வாங்குவார். "பொம்பளையாப் பொறந்துட்டேன், இல்லாட்டி மூலனூர் சந்தையில மூட்டை தூக்கப் போயிருப்பேன்" என்பீர்கள்.

ஆயுத பூசையன்று நம் வீட்டில் ஒரு பழக்கம். மெஷினுக்கும் கத்தரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி முடிந்ததும், எடை மெஷினில் ஒவ்வொருவராக ஏறி நிற்க வேண்டும். நின்றவர்களுக்குத்தான் பொரியும் கடலையும். யார் தொடங்கி வைத்தது என்று இப்போது நினைவில்லை, பொன்னாத்தாவாகத்தான் இருக்கும். நீங்கள் ஏறப் போகும்போது உங்கள் தம்பி முன்னால் வந்து நிற்பார்.

"மெஷினுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டுங்க, அக்கா ஏறப்போறா."

"நீ ஏறு சாமி மொதல்ல. முள்ளு அசையுதான்னு பாத்துட்டு நான் ஏறறன்."

முள் நன்றாகச் சுற்றித்தான் நிற்கும். நீங்கள் அதற்கு வெட்கப்பட்டதே இல்லை.

பிறகு ஒரு வருடம் முள் முன்னைப் போலச் சுற்றவில்லை. எல்லோரும் கைதட்டினோம். அதற்கு முன்பே முகம் ஒடுங்கியிருந்தது, வளையல் முழங்கை வரை ஏறியது. ஜாக்கெட்டையெல்லாம் நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மாரியம்மன் கோயிலில் பெண்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு, என்ன மருந்து, எந்த வைத்தியர் என்று கேட்டார்கள். "மருந்தெல்லாம் இல்லீங்க. கிருத்திகை விரதந்தான். முருகன் எளைக்க வெச்சான்" என்று சொன்னீர்கள். நானும் அதையே நம்பினேன். நான்கூட உங்களோடு சேர்ந்து கிருத்திகைக்கு ஒருவேளை மட்டும் சாப்பிடத் தொடங்கியது அப்போதுதான். என் எடை குறையாதபோது என் பக்தியில்தான் குறை என்று நினைத்துக்கொண்டேன்.

சொம்புத் தண்ணீரைக் கீழே வைக்காமல் குடிப்பீர்கள். வெயில் அப்படி என்றோம். ரோலை நீங்கள் தூக்காமல் ஆள் வரட்டும் என்று உட்கார்ந்தபோது, இத்தனை நாள் உழைத்தாயிற்று, இனியாவது உட்காரட்டும் என்று சந்தோஷப்பட்டோம். அந்த வருடம் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம் நிறைய இருந்தது, நங்கையா. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போனோமே. நீங்கள் வழக்கமாகக் கூட்டத்துக்கு முன்னால் போகிறவர். அந்த முறை பின்தங்கி, என்னோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தீர்கள். செருப்பில்லாத பாதத்தில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. வலிக்கவில்லையா என்றேன். "தெரியவே இல்ல அம்மிணி, அவன் பாத்துக்கறான்" என்றீர்கள். மலைப்படி ஏறும்போது நீங்கள் குனிந்து ஒவ்வொரு படியையும் கையால் தொட்டுத் தொட்டு ஏறினீர்கள். படியைத் தொட்டுக் கும்பிட்டு ஏறுவது ஒரு வேண்டுதல் அல்லவா. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்னாலேயே நானும் தொட்டுக் கும்பிட்டபடி ஏறினேன். நமக்குப் பின்னால் வந்த இன்னும் சிலரும் அப்படியே செய்தார்கள்.

நீங்கள் கும்பிடவில்லை. கால் தூக்கவில்லை உங்களுக்கு. கையை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டிருந்தீர்கள்.

அதை நீங்களே ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னீர்கள். கொப்புளம் ஆறாமல் கறுத்துப் போய், திருப்பூருக்குக் கொண்டுபோன பிறகு. அங்கே இருந்த பெரிய டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, சர்க்கரை இவ்வளவு நாள் எப்படித் தெரியாமல் இருந்தது என்று எங்களைப் பார்த்தார். உங்கள் தம்பி, "குண்டா இருக்கறவங்களுக்குத்தானுங்களே வரும், அக்கா எளைச்சுட்டுத்தானுங்க இருந்தா" என்றார். டாக்டர் கோபப்படவில்லை. அந்த இளைப்பே நோய்தான் என்றார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், உடம்பு தன் சதையையே எடுத்துச் செலவழித்திருக்கிறது என்றார். கேட்டுக்கொண்டே படுத்திருந்த நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஏம்மிணி, சாயப்பட்டறைக்காரன் துளி கொறைச்சாலும் எங்க போச்சுன்னு கேப்பமே. என்ற ஒடம்புல இத்தனை கொறஞ்சுது. நானுங் கேக்கல, நீயுங் கேக்கல பாரு."

குற்றமாகச் சொல்லவில்லை. உங்களுக்கே அது வேடிக்கையாகத்தான் இருந்தது. உங்கள் தம்பிதான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். கட்டுப் பிரித்துக் கட்டுகிற நாட்களில் அந்த மருந்து வாசனையும், தட்டில் கத்தரியை வைக்கிற சத்தமும். இன்னும் எங்காவது எவர்சில்வர் தட்டில் கரண்டி விழுந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அதைவிட ஒன்று இருக்கிறது. ஒருநாள் நர்ஸ் வருவதற்கு நேரமாகிவிட்டது, விரிப்பை மாற்ற வேண்டியிருந்தது. நான் ஒருத்தியே உங்களை இரண்டு கையிலும் ஏந்தித் தூக்கிவிட்டேன். மாடிக்கு ரோல் சுமந்த உங்களை. தூக்கின பிறகுதான் இருவருக்கும் அது தெரிந்தது. நீங்கள் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. அந்த மாசி முடிவதற்குள் போய்விட்டீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு எடை குறைந்துவிடுமோ என்கிற பயம் பிடித்துக்கொண்டது. ஆயுத பூசைக்கு மட்டும் ஏறியது போய், வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைத்த கையோடு கொட்டகைக்குப் போய் அந்த மெஷினில் ஏறி நிற்பேன். முள் அதே இடத்தில் நின்றால் முருகனுக்கு ஒரு கும்பிடு. கொஞ்சம் இறங்கினாற்போலத் தெரிந்தால் அன்றைக்கு இரண்டு தோசை கூட. இனிப்பை நிறுத்திவிட்டேன், அது வேறு. சோறு குறையாமல் பார்த்துக்கொண்டேன். கிரைண்டர் குழவியைத் தூக்க வேண்டாமென்று சாய்க்கிற கிரைண்டர் வந்தது. துணி பிழிய மெஷின் வந்தது. நான் கணக்கோடு உட்கார்ந்துவிட்டேன். வருடங்கள் போயின. முள் அசையவே இல்லை. உங்கள் தம்பி கேலி செய்வார். "இவளை வெச்சே எடை மெஷினு சரியா இருக்குதான்னு பாத்துக்கலாம்" என்பார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

இந்த ஆடியில்தான் ஒன்று கவனித்தேன். பூசை அறையில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழும்போது என் கை தானாகப் பீரோவைப் பிடிக்கிறது. ஒருநாள் பிடிக்காமல் எழப் பார்த்தேன். முடியவில்லை. கையைத் தரையில் ஊன்றினேன். ஊன்றின கையைப் பார்த்ததும் பழனிப் படியில் உங்கள் கை தெரிந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதேன். உள்ளேயிருந்து உங்கள் தம்பி என்ன ஆச்சு என்று கேட்டார். கற்பூரப் புகை என்று சொன்னேன்.

முட்டிவலி என்று சாக்குச் சொல்லிக்கொண்டு பெருமாநல்லூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுதான், நம் பக்கத்துப் பிள்ளை போலப் பேசினார். முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கையைக் கட்டிக்கிட்டு நாற்காலில இருந்து எந்திரிங்க பாக்கலாம்" என்றார். இரண்டு தடவை எழுந்தேன். மூன்றாவதுக்கு நாற்காலியோடு போராட்டமாகிவிட்டது. தன் இரண்டு விரலை நீட்டி, "வலிக்கற மாதிரி அழுத்துங்கம்மா" என்றார். முழுப் பலத்தோடு அழுத்தினேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "இன்னும் அழுத்துங்க" என்றார். நான் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு இடுப்பில் டேப் வைத்தார். எத்தனை பேருக்கு நான் டேப் வைத்து அளந்திருக்கிறேன், அன்றைக்கு அது ஒரு சுற்றுக்கு வரவே இத்தனை நேரமா என்றிருந்தது.

"டாக்டருங்க, என்ற எடை இத்தனை வருசமா மாறவே இல்லீங்க. வாரா வாரம் பாக்கறனுங்க."

"அதுதாம்மா ஏமாத்துது. எடை அதேதான், உள்ள இருக்கற சரக்கு அதே இல்ல. வயசு நாப்பதைத் தாண்டினா, வேலை கொறைஞ்சா, சதை கொஞ்சங் கொஞ்சமாக் கரையும். அந்த எடத்துல கொழுப்பு வந்து உக்காந்துக்கும். ரெண்டையுஞ் சேத்துப் பாத்தா தராசுக்கு ஒண்ணுந் தெரியாது."

சாப்பிடுகிற சர்க்கரையை எடுத்துச் செலவழிப்பது பெரும்பாலும் சதைதான் என்று அவர் சொன்னார். சதை குறைந்தால் அது செலவாகாமல் ரத்தத்திலேயே தங்கத் தொடங்கும். "வந்துருச்சுன்னு சொல்லல. வர்றதுக்கு வழி இருக்குதுன்னு சொல்றேன். காலைல வெறும் வயித்தோட வாங்க, ரத்தம் பாத்துரலாம். முன்னாடியே தெரிஞ்சா நாம அதுக்கு முன்னாடி ஓடலாம்" என்றார். என் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். ரத்த சம்பந்தத்தில் இல்லை என்றேன். உங்களைச் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்று பயம்.

அது ஆடியில். இப்போது ஐப்பசி. கிருத்திகைக்குக் கிருத்திகை வெறும் வயிற்றோடு இருந்தேன், நங்கையா. சஷ்டிக்கு இருந்தேன். ரத்தம் பார்க்கப் போகிற அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் என்னால் இருக்க முடியவில்லை. விடிந்ததும் எழுந்து, யாரும் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வாய் காபியைக் குடித்துவிடுவேன். குடித்துவிட்டால் அன்றைக்குப் போக முடியாது அல்லவா. முருகா, இன்றைக்கு மட்டும் என்று கும்பிடுவேன். குளித்துவிட்டு வந்து உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு கீறல் இருந்தால் அது ஆறுகிற வரைக்கும் சோறு இறங்காது. செத்துப்போவேன் என்பதுகூட அவ்வளவு இல்லை. உங்களைத் தூக்க நான் ஒருத்தி போதுமாக இருந்தது. என்னை யாராலும் தூக்க முடியாது. நான் எடை குறையாமல் பத்திரமாக வைத்திருக்கிறேனே.

இன்று காலை அந்த ரோலின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு இருந்தபோது டாக்டர் சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது. அவர் வார்த்தையில் புரியவில்லை, உங்கள் வார்த்தையில் புரிந்தது. எடை சரியாத்தான் சாமி இருக்குது, எடைக்குள்ள என்ன இருக்குது. நான் அத்தனை வெள்ளிக்கிழமையும் ஏறி நின்று முள்ளைப் பார்த்தேன். கன்னத்தை வைத்துப் பார்க்கவில்லை.

முதல் தூறல் விழும்போது பொன்னாத்தா ஓடி வந்தாள்.

"ஏனுங்கக்கா, துணியக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்துட்டீங்க? அடகு வெக்கறதுக்கா?"

"தூக்க முடியல பொன்னாத்தா."

அவள் சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து உள்ளே கொண்டுபோனோம். மழை தூறலோடு போய்விட்டது. உச்சிவெயில் வந்ததும், "மாடிக்கு ஏத்தலாம்" என்றேன். மெஷினில் இப்படியே வைத்துப் பார்த்துவிடலாமே என்றாள். வேண்டாம், காய்ந்த பிறகு என்றேன். அவள் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக, படியில் நான்கு இடத்தில் நின்று நின்றுதான் ஏற்றினோம். என் முனையை நான் விடவில்லை. பச்சைத் துணியை மாடி முழுக்க விரித்துவிட்டு அதன் ஓரத்தில் உட்கார்ந்து காவல் இருந்தேன். துணி காய்வதைப் பார்த்துக்கொண்டே என் பயமும் ஒரு பக்கம் இருந்தது. அது காயவில்லை. சாயந்திரம் எடை போட்டபோது, நினைத்ததுபோலக் குறைந்துதான் இருந்தது.

பட்டறைக்கு நானே போன் செய்தேன். இப்போது இருக்கிற மேனேஜர் வேறு ஆள்.

"மழை நாளுங்க அக்கா."

"தெரியுஞ்சாமி. காய வெச்சுப் பாத்துட்டுத்தான் பேசறேன். வந்து பாத்துட்டுப் போங்க, மோர் இருக்குது."

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் தம்பி, "அக்கா பேசற மாதிரியே இருந்துச்சு" என்றார். அவர் உங்களைப் பற்றிப் பேசியே வெகு நாளாயிற்று. அந்த நேரத்தை விட்டால் இனி வாய் வராது என்று தோன்றியது.

"ஏனுங்க, காத்தால நான் காபி குடிக்கல. உங்களுக்கு மட்டும் நீங்களே போட்டுக்குங்க."

"நாளைக்கு என்ன, கிருத்திகையா?"

"இல்லீங்க. ரத்தம் பாக்கப் போறனுங்க."

கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தார். அவருக்கும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் நினைவு வந்திருக்கும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பீரோவைப் பிடிப்பதை, டாக்டரின் விரலை, ஆடியிலிருந்து திருட்டுத்தனமாகக் குடித்த காபியை. நாற்காலியின் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். முடித்ததும் சொன்னார்:

"எனக்கும் போடலீன்னா என்ன. நானும் வெறும் வயித்தோட வாரேன். ரெண்டு பேருத்துக்கும் பாத்துரலாம்."

அவர் தொப்பையைப் பற்றி நீங்கள் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

இப்போது விளக்கு வைத்தாயிற்று. பூசை அறையில் தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். நாளை அந்த ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வேன். கட்டில், தட்டு, கத்தரி எல்லாம் கண்ணுக்கு வரும். முருகனிடம் இன்று, சர்க்கரை இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளவில்லை. எது இருக்கிறதோ அதைப் பார்க்கத் தைரியம் கொடு என்று கேட்டேன். இருக்கக் கூடாது என்பதும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவனுக்குத் தெரியாதா.

உங்கள் நகை, புடவை எதுவும் நான் வைத்துக்கொள்ளவில்லை. கொடுத்தாயிற்று. கன்னத்தை வைத்துப் பார்க்கிற அந்தப் பழக்கத்தை மட்டும் வைத்திருக்கிறேன். அதைத் துணிக்கு மட்டும் என்று வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இனி எழ வேண்டும், நங்கையா. பீரோ கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. டாக்டர் சொன்ன மாதிரி இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டேன். காலை மடித்து முன்னால் சாய்ந்தேன். பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அவிழ்ந்த கையால் இதை எழுதிவிட்டு, மறுபடி கையைக் கட்டிக்கொள்கிறேன்.